ராத்திரி ஒரு சவுண்டு, காலையில ஒரு சவுண்டு: வால்வு ஆம்ப்பில் வோல்டேஜை அளந்து பார்ப்பது எப்படி?

போன மே மாசம் தண்டையார்பேட்டை வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ராத்திரி பத்தரைக்கு கிட்டாரை ஆம்ப்பில் சொருகினால் சத்தம் குழைந்து, லேசாக உறுமிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அதே கிட்டார், அதே குமிழ்கள், ஆனால் சத்தம் விறைத்துக்கொண்டு நிற்கும். கூட வாசிக்கும் பெரம்பூர் அண்ணன் கேட்டுவிட்டு, "இன்னாபா, வால்வு பூட்ச்சா?" என்றார். அதை நம்பி 6வி6 என்ற பவர் வால்வு புது ஜோடி வாங்கினேன். தண்டச் செலவு.

கடைசியில் மீட்டரை பிளக் பாயிண்ட்டிலேயே வைத்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு 246 வோல்ட். ராத்திரி பத்தரைக்கு, தெரு முழுக்க ஏசி ஓடும்போது, 207. வால்வு மேல் பழி போட்டது தப்பு.

என்னுடையது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பின் 1963-ஆம் வருஷத்து ஏபி763 சர்க்யூட்டைப் பார்த்துக் கட்டியது. பவர் வால்வு இரண்டு 6வி6, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு ஜிஇசட்34. சோல்டரிங் தெரியும், சர்க்யூட் படம் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் உயிர்

உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கும். 22 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நல்ல உறை போட்ட முதலை கிளிப்புகளில் மாட்டி, கண்டன்சரின் பிளஸ்ஸுக்கும் ஆம்ப்பின் உலோக உடம்பான சேஸிஸுக்கும் நடுவே பத்து விநாடி வையுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கம் வந்த பிறகே கை வையுங்கள். ஆம்ப் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையை பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மீட்டர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மஞ்சள் கலர் மலிவு மீட்டரின் முகத்தில் 1000 வோல்ட் என்று போட்டிருக்கும், வயரைத் தொட்டுப் பார்த்தாலே அந்த நம்பிக்கை போய்விடும். நல்ல மீட்டர் வாங்குங்கள். இன்னொன்று சீரிஸ் பல்பு. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஆம்ப்புக்கு முன்னால் சீரிஸில் போட்டு முதல் தடவை ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பளிச்சென்று வந்து பிறகு மங்கினால் சரி. அளக்கும்போது மட்டும் பல்பை விலக்கிவிட்டு ஆம்ப்பை நேராக பிளக் பாயிண்ட்டில் சொருகுங்கள், இல்லாவிட்டால் எல்லா அளவும் குறைச்சலாகவே காட்டும்.

மூன்று எண்கள்

ஆம்ப்பைப் பத்து நிமிஷம் சூடாக விடுங்கள், வால்யூம் பூஜ்யத்தில். ஒரே நேரத்தில் மூன்றைக் குறியுங்கள்:

1. பிளக் பாயிண்ட்டில் எத்தனை வோல்ட்.
2. 6வி6-இன் 3-ஆவது பின்னில், அதாவது பிளேட்டில், சேஸிஸிலிருந்து எத்தனை வோல்ட் டிசி.
3. ஒவ்வொரு வால்விலும் எத்தனை மில்லியாம்ப் ஓடுகிறது.

மூன்றாவதுக்கு, கிரவுண்டுக்குப் போகும் 8-ஆவது பின், அதாவது கேத்தோடு, இணைப்பை வெட்டி நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், வால்வுக்கு ஒன்று. ரிச்சி தெருவில் 1 சதவீதத் துல்லியம் என்று கேட்டு வாங்குங்கள். அதன் குறுக்கே வரும் மில்லிவோல்ட்தான் மில்லியாம்ப். ஸ்கிரீன் (வால்வுக்குள் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் கம்பி வலை) கரண்டும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், பரவாயில்லை, பிழை பாதுகாப்பான பக்கம்தான்.

6வி6 தாங்குவது 14 வாட். ஃபிக்ஸட் பயாஸில் (வால்வின் கரண்டை அடக்கும் மைனஸ் வோல்டேஜ் தனியாக வரும் முறை) அதில் 70 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்: 9.8 வாட். அதை பிளேட் வோல்டேஜால் வகுங்கள். 415 வோல்ட் என்றால் 23.6 மில்லியாம்ப். அந்த மைனஸைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் பாட்டைத் திருகி நான் 23-இல் வைத்தேன்.

நான் சறுக்கிய இடம்

ராத்திரி வந்த அந்தக் குழைவு எனக்குப் பிடித்துவிட்டது. வோல்டேஜைக் குறைத்தால் எப்போதும் கிடைக்குமே என்று, ஜிஇசட்34-ஐக் கழற்றிவிட்டு 5ஒய்3 என்ற வேறு ரெக்டிஃபையர் வால்வைப் போட்டேன். அது கூடுதலாக வோல்டேஜை விழுங்கும். எதிர்பார்த்தபடி பிளேட் 365-க்கு இறங்கியது. சத்தமோ படுமோசம். மெதுவாக ஒரு கம்பியைத் தட்டினால், அடங்கும்போது ஸ்பீக்கருக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி கரகரப்பு. ஒரு வாரம் ஸ்பீக்கரைக் குடைந்தேன்.

விஷயம் இதுதான். பிளேட்டும் ஸ்கிரீனும் ஒரே சப்ளை. 6வி6-இல் கரண்டைப் பெரிதும் தீர்மானிப்பது ஸ்கிரீன். ரெக்டிஃபையரை மாற்றினால் இரண்டும் இறங்கும். கரண்டை அடக்கும் கிரிட்டுக்குப் போகும் மைனஸ் வோல்டேஜ் மட்டும் வேறு டையோடு வழியாக வருவதால் பழையபடியே நிற்கும். விளைவு, கரண்ட் 23-இலிருந்து 14-க்கு விழுந்துவிட்டது. ஒரு வால்வு வேலையை விடும் இடத்துக்கும் இன்னொன்று எடுக்கும் இடத்துக்கும் நடுவில் பள்ளம், அந்தப் பள்ளம்தான் ஈ. ராத்திரி லோ வோல்டேஜில் இது நடக்காததற்குக் காரணம், மெயின்ஸ் இறங்கும்போது மைனஸும் கூடவே இறங்குகிறது.

பயாஸ் பாட்டைத் திருகி கரண்டை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற பிளேட் இன்னும் இறங்கும், ஒரே கணக்கில் முடியாது. திருகு, இரண்டையும் அள, பெருக்கு, மறுபடி திருகு. 358 வோல்ட், 26 மில்லியாம்ப், 9.3 வாட்டில் நிறுத்தினேன். ஈ பறந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் வோல்டேஜின் குணமே காதுக்குத் தெரிந்தது. 415-இல் பாஸ் இறுக்கம், வால்யூம் 5 வரை சுத்தம். 358-இல் சீக்கிரமே உறுமல், ஓங்கி அடித்தால் சத்தம் ஒரு நொடி அமுங்கி எழும். பவர் ஏறக்குறைய கால் பங்கு குறையும், காதுக்கு அது ஒன்றரை டெசிபல்கூட இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் நன்றி சொல்லப்போவதில்லை, மாறுவது விரலுக்குக் கீழே உள்ள உணர்வுதான்.

ரெக்டிஃபையராக 5யூ4 போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: அதன் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழை) 3 ஆம்பியர் வேண்டும், ஜிஇசட்34-க்கு 1.9 போதும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்காமல் போடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: எண்ணூரிலிருந்து ஒரு தம்பி, கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் மாதிரி வேரியாக் (மெயின்ஸ் வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டால் போதாதா என்று கேட்டிருந்தார். போடலாம், ஆனால் அது ஹீட்டரையும் சேர்த்து இறக்கும். 6.3 வோல்ட் ஹீட்டர் 10 சதவீதம் மேலே கீழே போகலாம், அதாவது 5.7 வரை. நம்ம ஊர் 207-லேயே அந்த எல்லை வந்துவிடுகிறது.

பின்சேர்க்கை 2: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப் ராத்திரியில் மட்டும் சோர்கிறது என்று இன்னொருவர். அவருடைய ஸ்டெப்-டவுன் பெட்டி 110 தருவது. மெயின்ஸ் 207 ஆனால் அது 99 ஆகிவிடும், ஹீட்டருக்கு 5.2தான். 120 தரும் பெட்டி வாங்கச் சொன்னேன், கூடவே சர்வோ ஸ்டெபிலைசர். ஃபிரிட்ஜுக்குப் போடும் ரிலே வகை வேண்டாம், பாட்டுக்கு நடுவில் 'டக்' என்று படி மாறும்போது சவுண்டும் மாறும்.

பின்சேர்க்கை 3: இஎல்84 வால்வு போட்ட, கேத்தோடு பயாஸ் (கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே கரண்டை அடக்கும் முறை) ஆம்ப் வைத்திருப்பவர்கள் திருகத் தேடாதீர்கள், அதில் பாட் இருக்காது. கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள வோல்ட்டை அதன் ஓமால் வகுத்து, எத்தனை வால்வு அதைப் பகிர்கிறதோ அத்தனையால் மறுபடி வகுங்கள். வோல்டேஜ் இறங்கினால் அது தானாகவே சரிசெய்துகொள்ளும், ஈ வராது.

என் ஆம்ப்பில் இப்போது வீட்டுக்கு 5ஒய்3, மேடைக்கு ஜிஇசட்34. இரண்டுக்கும் பயாஸ் பாட் நிற்க வேண்டிய இடத்தை சேஸிஸில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன். தங்கச்சிக்குத் தெரியாது.