கல்லூரிக் கால்பந்திலிருந்து வேலை வரை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவிகளுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இளங்கலை சேர்ந்து கால்பந்து ஆடத் தொடங்கும் மாணவிக்குக் கையில் இருப்பது முழு மூன்று ஆண்டுகள் அல்ல. பருவத்தேர்வு, விடுமுறை, மழை எல்லாவற்றையும் கழித்தால், ஒரு உடற்கல்வி ஆசிரியையாக நான் போடும் கணக்கில், ஆட்டத்துக்கென எஞ்சுவது இருபது மாதங்கள்தாம். அதற்குள் பல்கலைக்கழக அணியில் நுழைந்துவிட வேண்டும். கபடிக்கும் தடகளத்துக்கும் ஆள் கிடைக்கும் நம் பக்கத்தில் பெண்கள் கால்பந்துக்கு ஆள் குறைவு என்பதால், முதலாம் ஆண்டிலேயே கல்லூரி அணியில் இடம் கிடைத்துவிடும். அந்த இடத்தைத் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடுபவர்களே பல்கலைக்கழக அணிக்கு அழைக்கப்படுகிறார்கள். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. அங்கே முன்னணி இடம் பெற்றால் அகில இந்தியப் போட்டிக்கும் செல்லலாம். வயது வரம்பு பொதுவாக 25 என்பதால், முதுகலை சேர்ந்து மேலும் இரண்டு ஆண்டுகள் ஆடவும் வழி உண்டு. இதற்கு இணையாக மாவட்டக் கால்பந்துச் சங்கத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் மாநில அணிக்கான கதவு கல்லூரி வழியாக அல்ல, மாவட்ட அணி வழியாகத்தான் திறக்கிறது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2017-18, 2022-23 ஆகிய இரு பருவங்களில் தேசிய சீனியர் பட்டத்தை வென்ற அணி. அதில் இடம் பிடிப்பது எளிதன்று.

இனி, பெரும்பாலான மாணவிகள் அலட்சியமாக விட்டுவிடும் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுபவை கோப்பையோ புகைப்படமோ அல்ல, படிவங்கள். இந்தியாவுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் படிவம் 3. முதல் படிவத்தில் தேசியச் சம்மேளனமும், இரண்டாவதில் மாநிலச் சங்கமும், மூன்றாவதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரும் கையொப்பமிட வேண்டும். போட்டி முடிந்ததும் கையில் கொடுக்கப்படும் பங்கேற்புச் சான்றிதழ் வேறு, இந்தப் படிவம் வேறு. என்னிடம் பயின்ற ஒரு மாணவி தென்மண்டலத்தில் ஆடிவிட்டு வந்து, சான்றிதழைப் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்தாள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காவலர் தேர்வு அறிவிப்பு வந்தபோது படிவம் 3 இல்லை. கையொப்பத்துக்காக அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது. ஆகவே, ஆடி முடித்துத் திரும்பிய அதே மாதத்தில் படிவத்தை நிரப்பிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே பாருங்கள்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, நம் மாணவிகளிடம் வேகத்துக்குக் குறைவில்லை. காட்டிலும் மேட்டிலும் ஓடிப் பழகியவர்கள் தொண்ணூறு நிமிடமும் ஓடுவார்கள்; பந்துதான் அவர்களோடு வருவதில்லை. தேர்வாளர்கள் முதலில் கவனிப்பது பந்து வந்து காலில் படும் அந்த முதல் தொடுதலைத்தான். அதற்குக் கல்லூரிச் சுற்றுச்சுவரே போதும். சுவரிலிருந்து ஆறு தப்படி தள்ளி நின்று பந்தை அடித்து, திரும்பி வருவதை வலக்காலின் உட்புறத்தால் நிறுத்தி, இடக்காலால் திருப்பி அடியுங்கள். நூறு முறை ஆனதும் கால்களை மாற்றிக்கொள்ளுங்கள். நிறுத்திய பந்து ஒரு முழத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு முழம் உருண்டால் எதிரணிப் பெண்ணின் கால் அங்கே இருக்கும். பந்து வந்து சேரும் முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்தே வளர்த்துக்கொள்ளுங்கள்.

நம் மைதானங்கள் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையுமாக இருப்பதால், அடியில் நீளமான ஸ்டட் (துருத்தி நிற்கும் முளை) வைத்த பூட்ஸ் பயிற்சிக்கு உதவாது. அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் உள்ள டர்ஃப் ஷூ போதும். புல்தரையில் நடக்கும் தேர்வுக்கு ஸ்டட் பூட்ஸ் தேவை. அதைத் தேர்வுக்கு முந்தைய இரவில் புதிதாக வாங்கிப் போனால் முதல் பாதியிலேயே குதிகால் தோல் உரிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயில் இரண்டு மாதப் பணத்தை இதற்கென்று ஒதுக்கலாம் என்பது என் யோசனை.

அடுத்தது முழங்கால். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்து வைக்கும், ஏ.சி.எல். எனப்படும் லிகமென்ட் (தசைநார்) கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு. யாரும் மோதாமலேயே, திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ அது நேர்கிறது. ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்னும் இருபது நிமிட வார்ம்-அப் முறையைப் பின்பற்றிய நார்வே இளம்பெண்களிடையே காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றை நோக்கி ஒன்று உட்புறமாக மடங்காமல், பாதத்துக்கு நேராக நிற்கப் பழகுவதே அதன் முக்கியமான பாடம். ‘பட்’டென்று ஒரு சத்தமும், சில மணி நேரத்துக்குள் வீக்கமும் வந்தால் கட்டுப் போடும் வைத்தியரிடம் போக வேண்டாம், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கேழ்வரகுக் களியும் கீரையும் வேர்க்கடலையும் நல்ல உணவுதான். ஆனால் இரும்புச்சத்து உடலில் சேர, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடியுங்கள் (அதியமான் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன?), சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதித்துக்கொள்ளலாம்.

வீட்டில் கல்யாணப் பேச்சு எழுவது இரண்டாம் ஆண்டுவாக்கில். அப்போது ஆட்டத்தின் அருமையை விளக்கிப் பயனில்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும், கடலூரைச் சேர்ந்த இந்திய அணி வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருப்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். முடிந்தால் உடற்கல்வி ஆசிரியையையே வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

படிப்பு முடிந்தபின் கிளப் ஆட்டம் என்றால் இந்திய மகளிர் லீக்தான் உச்சம். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-இல் அதை வென்றது. ஆனால் கிளப் தரும் சம்பளத்தை மட்டும் நம்பி இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஓசூர்ப் பக்கத்து மாணவிகளுக்குப் பெங்களூரு கிளப்புகள் அருகில் இருக்கின்றன. அங்கே ஆடப் போகிறவர்கள், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் இணையப் பதிவில் தங்கள் பெயர் எந்தச் சங்கத்தின் கீழ் இருக்கிறது என்று பார்த்து, முறைப்படி மாற்றிக்கொண்ட பிறகே களமிறங்க வேண்டும். ஆட்டத்தில் அந்த உயரம் எட்டாது என்று தோன்றினால், பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் படிப்பும் நடுவர் தேர்வும் இருக்கின்றன. திண்டுக்கல்லின் ரூபா தேவி ஆட்டக்காரராகத் தொடங்கி, 2016-இல் ஃபிஃபா நடுவர் ஆனவர். நடுவர் தேர்வுக்கு ஆட்ட விதிகளை வரிக்கு வரி படிக்க வேண்டியிருக்கும் என்பதால், மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே அதைத் தொடங்குங்கள்.