கெட்டில் மூடிய விடுங்க, புட்டுக்குடத்த பாருங்க: ஸ்டீம் எஞ்சின வீட்டுலயே புரிஞ்சுக்கற வழி

எனக்க அக்காளுக்க மவன் எட்டாங்கிளாஸ் படிக்கான். போன வாரம் வந்து நின்னுட்டு, "மாமா, ஸ்கூல்ல ஸ்டீம் எஞ்சின் மாடல் கேட்டிருக்காங்க, தெர்மாகோல்ல ஒரு ரயில் வெட்டி பெயிண்ட் அடிச்சு தாங்க"ன்னான். செரி மக்களே, அது எப்படி ஓடும்னு முதல்ல சொல்லுன்னேன். ஜேம்ஸ் வாட் சின்னப்பிள்ளையில கெட்டில் மூடி துள்ளுறத பாத்தாரு, எஞ்சின கண்டுபிடிச்சாரு, அம்புட்டுதான் மாமாங்கான்.

இந்த கெட்டில் கதைதான் எல்லாத்தயும் கெடுத்து வச்சிருக்கு. வாட் பொறந்தது 1736-ல. அதுக்கு 24 வருஷம் முன்னாடி, 1712-லயே தாமஸ் நியூகோமன்னு ஒருத்தர் இங்கிலாந்துல டட்லி பக்கம் நிலக்கரி சுரங்கத்துல எஞ்சின ஓட்டி தண்ணி இறைச்சுட்டாரு. இன்னொண்ணு, அந்த எஞ்சின்ல வேலைய செஞ்சது நீராவியோட தள்ளு இல்ல, நீராவி குளுந்து சுருங்கறதுதான். இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா வந்துரும். அதுக்கு ரயில் பொம்மை ஒண்ணும் வேண்டாம், அடுக்களை போதும்.

முதல்ல புட்டுக்குடம். குழல எடுத்துட்டு குடத்துல மட்டும் தண்ணி ஊத்தி நல்லா கொதிக்க விடுங்க. மேல வெள்ளையா புகை மாதிரி வருதே, அது நீராவி இல்ல, நீராவி குளுந்து போய் பொடிப்பொடி தண்ணித்துளியா ஆனது. குடத்து வாய்க்கும் அந்த வெள்ளைக்கும் நடுவுல ஒரு விரக்கடை அளவுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும் பாருங்க, அதான் அசல் நீராவி, கண்ணுக்கே தெரியாது. அங்க கைய மட்டும் கொண்டு போவாதீங்க. 30 டிகிரி தண்ணி ஒரு கிராம கொதிநிலைக்கு கொண்டு வர 70 கலோரி போதும், ஆனா கொதிச்ச தண்ணிய அப்படியே நீராவி ஆக்க 540 கலோரி வேணும், அம்புட்டு சூட்டயும் அது சுமந்துட்டுதான் மேல வருது. குழலுக்கு அடியில போடற ஓட்டை சில்லு வழியா ஏறி கொஞ்ச நேரத்துல மாவ வேக வைக்கறது அந்த சூடுதான், கைய பொசுக்கறதும் அதேதான்.

அடுத்து அளவு. தண்ணி நீராவி ஆனா ஏறக்குறைய 1600 மடங்கு பெருசாவும். ஒரு சாயா கிளாஸ் தண்ணி, 150 மில்லின்னு வையுங்க, 240 லிட்டர் நீராவி ஆவும், அதாவது மொட்டமாடியில வச்சிருக்கற நீல டிரம்மு நெறஞ்சு வழியற அளவு. இத திருப்பி யோசிச்சு பாருங்க. ஒரு டிரம்மு நெறய இருக்கற நீராவிய மூடி வச்சு சடார்னு குளுர வச்சா ஒரு கிளாஸ் தண்ணிதான் மிஞ்சும். மீதி எடம்? வெறும் வெற்றிடம்.

அத கண்ணால பாக்கணும்னா ஒரு காலி கூல்டிரிங்க்ஸ் அலுமினிய டின் எடுங்க. உள்ள ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு அடுப்புல வையுங்க, பக்கத்துல ஒரு சருவத்துல பச்சத்தண்ணி ரெடியா இருக்கட்டும். ஓட்டை வழியா நல்லா ஆவி வர ஆரம்பிச்சதும் ஒரு அர நிமிஷம் விடுங்க, உள்ள இருக்கற காத்து எல்லாம் வெளிய போவட்டும். அப்புறம் இடுக்கியால பிடிச்சு, டின்ன தலைகீழா தண்ணிக்குள்ள டபக்னு கவுத்துங்க. "டப்"னு ஒரு சத்தம், டின் கசங்கி போய் கெடக்கும். பெரியவங்கதான் செய்யணும், பிள்ளைய ரெண்டடி தள்ளி நிக்க சொல்லுங்க. எங்க வீட்டுல நாலு டின்ன கசக்குன பொறவுதான் அவனுக்கு ஆசை தீந்துச்சு, அம்மைக்கு பொறுமை தீந்துச்சு.

டின்ன யாரு கசக்குனது? வெளிய இருக்கற காத்து. நம்ம தலைக்கு மேல இருக்கற காத்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையில அமுக்கிட்டே இருக்கு, உள்ளயும் அதே அளவு காத்து இருக்கறதால நமக்கு தெரியல. உள்ள வெற்றிடம் ஆச்சுன்னா வெளிக்காத்து ஜெயிச்சுரும். நியூகோமன் எஞ்சின் இந்த டின் மாதிரிதான், டின் கசங்கறதுக்கு பதிலா உள்ள ஒரு பிஸ்டன் கீழ எறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சிலிண்டருக்குள்ள நீராவிய விடுவாங்க, பிஸ்டன் மேல போவும், உடனே உள்ள கொஞ்சம் பச்சத்தண்ணிய பீச்சுவாங்க, நீராவி சுருங்கும், காத்து பிஸ்டன கீழ அமுக்கும். பிஸ்டன்ல கட்டுன பெரிய உத்தரத்தோட மறு முனை மேல போய் சுரங்கத்துலேந்து தண்ணிய இழுக்கும், நம்ம ஊர்ல அந்த காலத்து ஏத்தம் மாதிரியேதான். முதல் எஞ்சினோட சிலிண்டர் 21 இஞ்சு அகலம், நிமிஷத்துக்கு 12 தடவ, ஒவ்வொரு தடவயும் 10 கேலன், ஏறக்குறைய 45 லிட்டர்.

நல்ல எஞ்சின்தான், ஆனா கரிய தின்னு தீக்கும். ஏன்னா ஒவ்வொரு தடவயும் அதே சிலிண்டர சூடாக்கி, குளுர வச்சு, திரும்ப சூடாக்கணும். புட்டு அவிக்க ஒவ்வொரு குழலுக்கும் குடத்த அடுப்புலேந்து எறக்கி பச்சத்தண்ணியில முக்கி எடுத்துட்டு மறுபடி அடுப்புல ஏத்துனா எப்படி இருக்கும்? அந்த கதைதான். சுரங்க வாசல்ல விக்காத கரித்தூள் கெடந்ததால அங்க கட்டுபடியாச்சு, கரிய காசு குடுத்து வாங்கற எடத்துல கஷ்டம்தான்.

இங்கதான் வாட் வாராரு. கிளாஸ்கோ யூனிவர்சிட்டில இருந்த நியூகோமன் எஞ்சின் மாடல 1763-64 வாக்குல ரிப்பேருக்கு எடுத்தப்ப இந்த வேஸ்ட்ட பாத்தாரு. 1765-ல ஐடியா வந்துச்சு, சிலிண்டர எப்பவும் சூடாவே வச்சுக்கலாம், நீராவிய மட்டும் பக்கத்துல வேற ஒரு குளுந்த பாத்திரத்துக்கு எடுத்துட்டு போய் சுருக்கலாம்னு. கண்டென்சர்னு சொல்றது அந்த பாத்திரத்ததான். 1769-ல பேட்டன்ட் ஆச்சு. ஆனா பிஸ்டன் கசியாம ஓடற அளவுக்கு உருண்டையா சிலிண்டர் செய்ய ஆளு இல்லாம வருஷக்கணக்கா இழுத்துச்சு, கடைசில பீரங்கி துளைக்கறதுக்குன்னு ஜான் வில்கின்சன் 1774-ல செஞ்ச மெஷின்தான் கை குடுத்துச்சு. ஐடியா ஒருத்தர் தலையில, அத நெசமாக்குனது இரும்பு துளைக்கத் தெரிஞ்ச இன்னொருத்தர், என்னைய கேட்டா ஸ்கூல் புக்குல வில்கின்சனுக்கு ஒரு பாராவாவது குடுக்கணும். வாட்டும் கூட்டாளி போல்டனும் எஞ்சின் வித்த விதமும் கெட்டிக்காரத்தனம்தான், பழைய எஞ்சின விட எவ்வளவு கரி மிச்சமாச்சோ அதுல மூணுல ஒரு பங்கு காசு எங்களுக்கு தாங்கன்னு வாங்குனாங்க.

இதுவரைக்கும் மேலயும் கீழயும் போற ஆட்டம்தான். மில்லு ஓட சக்கரம் சுத்தணும். அத புரிஞ்சுக்க வீட்டுல பழைய தையல் மெஷின் இருந்தா மிதிச்சு பாருங்க. கால் மேல கீழ போவுது, சக்கரம் சுத்துது, நடுவுல இருக்கற கம்பிதான் அத மாத்துது. மிதி ரொம்ப மேலயோ கீழயோ நின்னுட்டா மெஷின் முழிக்கும், சில சமயம் பின்னால சுத்தி நூல அறுக்கும், அந்த செத்த எடத்த தாண்ட வைக்கறது பெரிய சக்கரத்தோட எடைதான். எஞ்சின்லயும் அதுக்குத்தான் ஃப்ளைவீல். 1780-கள்ல வாட் எஞ்சின் சுத்த ஆரம்பிச்சதும் கதையே மாறிருச்சு.

அதுவரைக்கும் மில்லு வேணும்னா ஆத்தங்கரைக்கு போவணும், தண்ணி விழற எடத்துலதான் சக்கரம் சுத்தும். பக்கத்துலயே பாருங்க, பாபநாசத்துல ஹார்வி கம்பெனி நூல் மில்லு தாமிரபரணி தண்ணி விழற வேகத்த நம்பி மலையடிவாரத்துல வந்துச்சு. அதே ஹார்வி 1892-ல மதுரையில மில்லு கட்டுனப்ப ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல கட்டுனாங்க, அருவி வேண்டாம், கரியும் பஞ்சும் ரயில்ல வந்தா போதும். மில்லு ஆள தேடி ஊருக்குள்ள வந்துச்சு, ஆளு சங்கு சத்தத்துக்கு எந்திரிக்க பழகுச்சு. மறுபக்கம், மான்செஸ்டர் நூலும் துணியும் கப்பல்ல வந்து எறங்க எறங்க இங்க கையில நூல் நூத்தவங்க பொழப்பு போச்சு. நெசவு தப்பிச்சு நின்ன எடத்துலயும் தறியில ஏறுனது மில்லு நூல்தான். நாகர்கோவில் வடசேரி பக்கம் வயசான நெசவாளிங்க யாராவது இருந்தா உக்காந்து பேசி பாருங்க, புக்குல இல்லாதது எல்லாம் வரும்.

ரயில் கதைக்கு வேற ஆளு, ரிச்சர்ட் ட்ரெவித்திக். கண்டென்சரே வேண்டாம், நீராவிய நல்லா அமுக்கி வச்சு அந்த அழுத்தத்துலயே பிஸ்டன தள்ளலாம்னு 1804-ல வேல்ஸ்ல தண்டவாளத்துல ஓட்டி காட்டுனாரு. குக்கர் மாதிரின்னு வச்சுக்கோங்க, மூடி வச்சா தண்ணி 120 டிகிரி வரைக்கும் போவும், உள்ள அழுத்தம் ரெட்டிப்பாவும். எஞ்சின் சின்னதாச்சு, சக்கரத்து மேல ஏத்த முடிஞ்சுது. வேல முடிஞ்ச நீராவிய புகைபோக்கி வழியா வெளிய விடற சத்தம்தான் நாம சொல்ற "சுக் சுக்". வாட்டுக்கு இது பிடிக்கவே இல்ல, வெடிக்கும்னு பயம், வெடிச்சும் இருக்கு. அதனாலதான் பாய்லர்னா இன்னைக்கும் சேஃப்டி வால்வ், மீட்டர், இன்ஸ்பெக்ஷன் எல்லாம். மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில, அண்டிய அவிக்கற பாய்லர பாத்திருந்தா தெரியும், அழுத்தம் ஏறுனா தானா திறக்கற வால்வ் மேல இருக்கும். வீட்டு குக்கர்லயும் வெயிட்ட கம்பி கட்டி அமுக்கறது, வால்வ அடைக்கறது எல்லாம் விளையாட்டுக்கு கூட வேண்டாம்.

சென்னை ராயபுரத்துலேந்து 1856-லயே ரயில் ஓடுச்சு, நாகர்கோவிலுக்கு வந்தது 1979-ல, அத பத்தி பேச ஆரம்பிச்சா கோவம்தான் வரும். ஆனா நீராவி நம்மள விட்டு போவல. கூடங்குளத்துல ஆளுக்கு 1000 மெகாவாட் உள்ள அந்த ரெண்டு யூனிட்டும் கடைசில செய்யறது தண்ணிய கொதிக்க வச்சு டர்பைன சுத்தறதுதான். கடல் தண்ணி எதுக்கு? அந்த நீராவிய குளுர வைக்க. அதே கண்டென்சர்.

இப்ப மாடலுக்கு வருவோம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுல தகரத்துல செஞ்ச பொம்மை போட்டு (படகு) விப்பாங்களே, விளக்கு ஏத்துனா டப்டப்னு ஓடும், அதோட எளிய வடிவம். 3 மில்லிமீட்டர் செம்பு குழாய் ஒரு 40 சென்டிமீட்டர் வாங்குங்க. நான் முதல்ல ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில கேப்பிலரி குழாய வாங்கிட்டு வந்து ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வீணாக்குனேன், அதுக்குள்ள ஓட்டை ஊசி அளவுதான் இருக்கும், ஓடவே ஓடாது. குழாய்க்குள்ள பொடி உப்ப இறுக்கி அடைச்சுட்டு ஒரு மார்க்கர் பேனாவுல நடுப்பகுதிய ரெண்டு மூணு சுத்து மெதுவா சுத்துங்க, உப்பு இருந்தா மடங்காது, பொறவு தண்ணி விட்டு உப்ப கழுவிருங்க. ஜூஸ் அட்டைப்பெட்டிய நீளவாக்குல பாதியா வெட்டுனா போட்டு ரெடி. சுருள் நடுவுல நிக்கணும், ரெண்டு முனையும் அடியில ஓட்டை போட்டு வெளிய வந்து பின்பக்கம் பாத்து தண்ணிக்குள்ள இருக்கணும், ஓட்டைய எம்-சீல் வச்சு அடைங்க. சிரிஞ்சால ஒரு முனையில தண்ணி ஏத்தி மறு முனையில வர வரைக்கும் விடுங்க, காத்துக்குமிழ் நின்னா கிளம்பாது. சுருளுக்கு கீழ ஒரு சோடா மூடியில பர்த்டே மெழுகுவர்த்தி மூணு துண்டு. சூடம் வேண்டாம், கரி அப்பிரும்.

ஒரு நிமிஷத்துக்குள்ள குழாய் துடிக்க ஆரம்பிக்கும். நீராவி தண்ணிய வெளிய தள்ளுது, குளுந்த பகுதிக்கு வந்ததும் சுருங்குது, தண்ணி திரும்ப உள்ள வருது, மறுபடி தள்ளுது. மருமவன் உடனே கேட்டான், உள்ள வந்து வெளிய போனா போட்டு நின்ன எடத்துலதான நிக்கணும்னு. நல்ல கேள்வி. ஒரு மெழுகுவர்த்திய ஊதி அணைடா, இப்ப உறிஞ்சி அணைச்சு காட்டுன்னேன். முடியல. ஊதுனா காத்து ஒரே திசையில போவும், உறிஞ்சுனா நாலா பக்கத்துலேந்தும் வரும், தண்ணியும் அப்படித்தான்.

கிளம்பலன்னா முதல்ல குமிழ பாருங்க, பொறவு தீ சுருள நக்குதான்னு பாருங்க, முனை தண்ணிக்கு மேல வந்துருச்சான்னு பாருங்க, முக்காவாசி இதுலயே முடிஞ்சுரும். ஒரே வட்டமா சுத்துச்சுன்னா ரெண்டு முனையும் ஒரே நேரா இல்லன்னு அர்த்தம். பக்கெட்டுல ஓட்டி அலுத்து போய் மணக்குடி காயல் உப்புத்தண்ணிக்கு எடுத்துட்டு போனீங்கன்னா, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணிய சிரிஞ்சால ரெண்டு மூணு தடவ உள்ள அடிச்சு கழுவிருங்க, உப்பு சுருளுக்குள்ள படிஞ்சா அடுத்த தடவ தண்ணியே ஏறாது.