பிரவுசரில் ஜாவா: டெண்டர் அவசரத்தில் செய்யும் தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை (கையொப்பச் சான்றிதழ் உள்ள, கணினியில் செருகும் சிறு கருவி) வைத்துக்கொண்டு டெண்டர் போடும் சிறு ஒப்பந்ததாரர்களுக்கும், அவர்களுக்கு உதவும் கணினி மையத்தாருக்கும் இதை எழுதுகிறேன். சில டெண்டர் தளங்கள் கையொப்பமிட, ஜாவா என்ற மென்பொருள் பிரவுசரில் ஓட வேண்டும் என்று கேட்கும். கடைசி நேரத்தில் 'ஜாவா தடுக்கப்பட்டது' என்ற அறிவிப்பு வந்தால், ஜாவாவின் பாதுகாப்பு அளவைக் குறைத்து எப்படியாவது உள்ளே போய்விட நினைக்கிறோம். மிக ஆபத்தான தவறு அதுதான்.

பிரவுசருக்குள் ஓடும் ஜாவா நிரல் ஆப்லெட் எனப்படும். முழு அனுமதி கேட்கும் ஆப்லெட்டுக்கு ஒருமுறை 'ரன்' கொடுத்துவிட்டால், உங்கள் கோப்புகள் அனைத்தையும் அதனால் தொட முடியும். டோக்கன் செருகியிருக்கும் கணினியில் இது எவ்வளவு பெரிய அபாயம் என்று யோசித்துப் பாருங்கள்; அந்தக் கையொப்பம் சட்டப்படி உங்களுடையது. 2013 ஜனவரியில் ஜாவா 7-இல் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டபோது, பிரவுசரில் ஜாவாவை முடக்கிவிடும்படி அமெரிக்க அரசே மக்களுக்கு அறிவுறுத்தியது. தவிர்க்கவே முடியாவிட்டால், ஜாவா அமைப்புகளில் உள்ள விதிவிலக்குப் பட்டியலில் (தடையின்றி அனுமதிக்கும் தளங்களின் பட்டியல்) அந்த ஒரு டெண்டர் தளத்தின் முழு முகவரியை மட்டும், 'எச்டிடிபிஎஸ்' உடன் சேருங்கள்.

புதிய குரோமில் ஜாவா வேலை செய்யவில்லை என்று பழைய பிரவுசரைத் தேடிப் பதிவிறக்குவது அடுத்த தவறு. குரோம் 2015-இலும் பயர்பாக்ஸ் 2017-இலும் இந்த வசதியைக் கைவிட்டன. 2018-இல் வந்த ஜாவா 11-இல் ஆப்லெட்டைப் பிரவுசரில் ஓட்டும் பகுதியே இல்லை. ஆகவே, எத்தனை முறை புதிய ஜாவாவை நிறுவினாலும் பயன் இராது. கையொப்பமிடத் தனி மென்பொருள் தரப்பட்டுள்ளதா என்று அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் முதலில் பாருங்கள். இல்லையென்றால், எட்ஜ் பிரவுசரின் 'ஐஇ மோட்' வசதியை (தளத்தைப் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போலத் திறப்பது) அந்தத் தளத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆப்லெட் திறக்கத் தாமதமானால் உடனே மறுபடி மறுபடி கிளிக் செய்யாதீர்கள். ஜாவா இயந்திரம் முதலில் நினைவகத்தில் ஏற வேண்டும், நிரல் கோப்பு இறங்க வேண்டும், ஆப்லெட்டை வெளியிட்டவரின் சான்றிதழ் செல்லுமா என்று இணையத்தில் சரிபார்க்க வேண்டும். மழைக்காலத்தில் இணைப்பு தடுமாறும்போது இந்தச் சரிபார்ப்பே நேரத்தைத் தின்றுவிடும். வேகத்துக்காக அதை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. ரத்தான சான்றிதழையும் கணினி அப்போது நம்பிவிடும்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வேறு வேறு. ஜாவாவை முடக்குவதாக நினைத்து ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினால் பெரும்பாலான தளங்கள் சரியாக ஓடாது.

டெண்டருக்கென்று ஒரு கணினியை ஒதுக்கி, மற்றவற்றிலிருந்து பழைய ஜாவா பதிப்புகளை நீக்குங்கள். வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டோக்கனின் ரகசிய எண்ணை (PIN) மையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.