மூடி வைத்தாலும் பேட்டரி காலி: லினக்ஸ் லேப்டாப்பில் என் அனுபவம்

லினக்ஸ் இயங்குதளத்தோடே வந்த லேப்டாப் வாங்கினேன். ராத்திரி 90 சதவீதத்தில் மூடி வைத்தால் காலையில் 40தான் இருக்கும். அடிப்பக்கம் வேறு சுடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தேன், பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி என்ற மென்பொருளை நிறுவினேன், ப்ளூடூத்தை அணைத்தேன். மூன்று நாள் வீணானதுதான் மிச்சம்.

அப்புறம், லேப்டாப் எந்தெந்த வகையில் உறங்கலாம் என்று காட்டும் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் (/sys/power/mem_sleep) கோப்பைப் பார்த்தேன். உள்ளே 'எஸ்2ஐடில்' என்ற அரைத்தூக்கம் மட்டும். எஸ்3 என்ற ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் 'டீப்' என்ற சொல்லே இல்லை. அது இல்லாதபோது லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் எதைச் சேர்த்தும் பயனில்லை, எஸ்3 உறக்கத்தை மெஷினிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர்தான் தர வேண்டும். சரி என்று அதன் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனேன். பவர் பகுதியில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்று ஒரு வரி, அதன் எதிரே 'விண்டோஸ்'. லினக்ஸோடு விற்ற மெஷினில்! 'லினக்ஸ்' என்று மாற்றிச் சேமித்தேன். கோப்பில் இப்போது 'டீப்' வந்துவிட்டது, எது பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் சதுர அடைப்புக்குறியும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. இரவு முழுக்க 2 சதவீதம்தான் குறைகிறது. அப்பாடா!