பெருங்குடல் கட்டியின் மரபணு அறிக்கையைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியின் திசுவைச் சோதித்து வந்த அறிக்கையில் ‘மரபணு மாற்றம் உள்ளது’ என்ற வரியைக் கண்டதும், பிள்ளைகளுக்கும் இந்நோய் வந்துவிடுமோ என்று கலங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஏபிசி, டிபி53, கேராஸ் ஆகிய மரபணுக்களில் தென்படும் மாற்றங்களுள் பெரும்பாலானவை பிறப்பிலேயே வந்தவையல்ல. குடலின் உட்சுவர்ச் செல்கள் பல ஆண்டுகள் பிரிந்து பெருகும்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, கட்டிக்குள் மட்டுமே தங்கியிருப்பவை. பரம்பரையாக வந்த மாற்றமா என்பதை உறுதிசெய்ய இரத்தத்தையோ உமிழ்நீரையோ தனியே சோதிக்க வேண்டும்.

நேர்மாறான தவறு இதைவிட ஆபத்தானது. டிஎன்ஏவில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் புரதங்களுள் ஒன்று கட்டியில் இல்லை என அறிக்கை சொல்லும்போது, அதைச் சிகிச்சைக்கான குறிப்பாக மட்டும் எண்ணிக் குடும்பத்தை மறந்துவிடுகிறார்கள். பெருங்குடல் கட்டிகளில் சுமார் 15 சதவீதத்தில் இக்குறைபாடு உண்டு. இக்குறைபாடு பரம்பரையாக வரும் நிலையான லிஞ்ச் நோய்க்குறி, பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 3 சதவீதத்தினரிடமே காணப்படுகிறது. திருத்தும் புரதங்களுள் ஒன்றான எம்எல்எச்1 இல்லாத கட்டியில் பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றமும் இருந்தால், அது பெரும்பாலும் பரம்பரைக் காரணத்தால் வந்ததாக இராது. அவற்றுள் இன்னொன்றான எம்எஸ்எச்2 இல்லையென்றால், மரபியல் ஆலோசனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது, சொல்லைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது. ‘கேராஸ் ஜி12டி’ என்றால் கேராஸ் மரபணு உருவாக்கும் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் அஸ்பார்டிக் அமிலம் வந்திருக்கிறது என்று பொருள். இதனால் அணைய வேண்டிய வளர்ச்சி சமிக்ஞை அணையாமலேயே இருக்கும். செட்டுக்சிமாப், பானிட்டுமுமாப் ஆகிய மருந்துகள் செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சி சமிக்ஞையைப் பெறும் ஏற்பியை அடைத்தாலும், அதற்குக் கீழே சமிக்ஞை ஓடிக்கொண்டே இருப்பதால் பயன் கிட்டாது. ஏறத்தாழ 40 சதவீதக் கட்டிகளில் கேராஸ் மாற்றம் இருக்கிறது. ‘மாற்றம் கண்டறியப்பட்டது’ என்பதை மருந்து கிடைத்துவிட்ட செய்தியாக எண்ணி மகிழ்பவர்கள் உண்டு. இவ்விரு மருந்துகளைப் பொறுத்தவரை மாற்றம் இல்லாதிருப்பதே நல்ல செய்தி.

‘மாற்றம் இல்லை’ என்ற வரியையும் அப்படியே நம்பிவிடலாகாது. பழைய அறிக்கைகள் சில கேராஸின் 12, 13ஆம் இடங்களை மட்டுமே பார்த்தவை. 61, 117, 146ஆம் இடங்களும் கேராஸை ஒத்த என்ராஸ் மரபணுவும் சோதிக்கப்பட்டனவா, அனுப்பிய திசுவில் புற்றுச்செல்கள் போதிய அளவு இருந்தனவா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.