கூந்தன்குளத்தில் மக்கர் செய்த கார்டு

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மெமரி கார்டைப் படிக்க முடியவில்லை என்றது கேமரா. ஃபார்மட் செய்யவா என்று வேறு கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்டைக் கழற்றி, அதன் இடது ஓரத்தில் இருக்கும் குட்டிப் பூட்டைக் கீழே தள்ளினேன். அப்படிப் பூட்டினால் கார்டில் புதிதாக எதுவும் எழுதாது.

ராத்திரி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தங்கியிருந்த அறையில், லேப்டாப்பில் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். இலவச மென்பொருள்தான். கார்டின் கோப்பு அட்டவணை கெட்டுப்போயிருந்தாலும், ஒவ்வொரு படத்தின் தொடக்கக் குறியையும் தேடிப் பிடித்து வெளியே எடுத்துவிடும். மீட்கும் படங்களை மட்டும் அதே கார்டில் சேமிக்கக் கூடாது. வேறு டிஸ்க் வேண்டும். கோப்புப் பெயர்கள் போய் வெறும் எண்களாக வந்தன. போகட்டும், வரித்தலை வாத்து கிடைத்ததே!

அப்புறம் 64 ஜிபியில் இரண்டு கார்டு வாங்கினேன். 256 ஜிபியில் ஒன்று என்றால் வசதிதான், ஆனால் போனால் மொத்தமாகப் போகும். கார்டின் மேலே பெரிசாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். பறக்கும் பறவையைச் சரமாரியாக எடுக்க எழுதும் வேகம்தான் முக்கியம். வி30 என்று போட்டிருந்தால் நொடிக்கு 30 எம்பியாவது தொடர்ந்து எழுதும்.

பாபநாசம், மாஞ்சோலைப் பக்கம் போனால் இப்போது லேப்டாப் தூக்குவதில்லை. போனில் ஒரு டைப்-சி ஹப் (பல கருவிகளைச் செருகும் இணைப்பான்), அதில் கார்டு ரீடரும் எஸ்எஸ்டி என்னும் கையடக்க டிஸ்க்கும். மலையில் சிக்னலை நம்பி கிளவுடில் ஏற்ற முடியாது. நகலெடுத்ததும் நாலைந்து படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்ப்பேன். எஸ்எஸ்டி பையில், கார்டு சட்டையில். அருவியில் குளிக்க இறங்கினால் சட்டைக்கு மச்சான் காவல்.