கடலோர பார்க்குக்கு போறீங்களா? முதல்ல டைட் டேபிளை பாருங்க, அப்புறம் லீவு போடுங்க

நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, சனி ஞாயிறு ஃப்ரீயா இருக்கு, வெயில் அடிக்கும்னு ஆப் சொல்லுது, உடனே கிளம்பிடுறாங்க. மலைக்கு போறதுன்னா அது போதும். கடலோரத்துக்கு போதாது, ஏன்னா நீங்க நடக்கப்போற பாதையே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணிக்குள்ள போகலாம். கடல் தண்ணி எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும்னு போட்டிருக்கிற அட்டவணைதான் டைட் டேபிள்.

முதல் தடவை நான் போனப்ப ஒரு பாறை முனையை சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் இருந்த குட்டி கடற்கரைக்கு போனேன், போறப்ப காலே நனையல, அங்க உக்காந்து சாப்பிட்டு படம் எடுத்துட்டு திரும்பி வந்து பாத்தா முனையில இடுப்பளவு தண்ணி, அலை வேற பாறையில மோதுது. மேல ஏறி உக்காந்து தண்ணி இறங்குற வரைக்கும் மணிக்கணக்கா காத்திருந்தேன். அன்னைல இருந்து டைட் டேபிள் பாக்காம நான் தேதியே குறிக்கிறதில்ல.

பெரும்பாலான கடற்கரைகள்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஹை டைட் (தண்ணி முழுசா ஏறி நிக்கிற நேரம்), ரெண்டு லோ டைட் (முழுசா வத்தி நிக்கிற நேரம்). ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு 6 மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், அதனால ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும். இந்த சனிக்கிழமை காலைல 6 மணிக்கு லோ டைட்னா அடுத்த சனிக்கிழமை கிட்டத்தட்ட மதியம் 12 மணிக்கு வரும். இதை வச்சுதான் பகல் ட்ரிப்பா, ராத்திரி தங்குறதான்னு நான் முடிவு பண்றது. மதியத்துல லோ டைட் வர்ற நாள்னா காலைல போய் சாயங்காலம் திரும்பிடலாம். விடியக்காலைலயும் சாயங்காலமும் வருதுன்னா தங்குங்க, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல பாறைக் குழிகள்ல நட்சத்திர மீன், நண்டு, கடல் சாமந்தி எல்லாம் பாக்கலாம், லோ டைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அங்க இருந்தா நல்லது.

அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஓரிரு நாள்ல தண்ணி ரொம்ப ஏறும், ரொம்ப வத்தவும் செய்யும். வத்துறப்ப பாக்க நிறைய கிடைக்கும், ஏறுறப்ப ஆபத்து அதிகம், ரெண்டும் ஒரே நாள்லங்கிறதை மறந்துடாதீங்க. இன்னொண்ணு, தண்ணி ஒரே வேகத்துல ஏறாது. முதல் மணி நேரத்துல கொஞ்சமாத்தான் ஏறும், பாத்தா ஒண்ணும் ஆகலயேன்னு தோணும், ஆனா 3வது 4வது மணி நேரத்துலயே மொத்த ஏத்தத்துல பாதி வந்துடும். பல பேர் மாட்டிக்கிறது அப்பதான். முனையை சுத்தி போறதுன்னா தண்ணி இறங்கிக்கிட்டு இருக்கும்போதே கிளம்பி, லோ டைட் முடியுறதுக்குள்ள திரும்பி வந்துடுங்க. டைட் டேபிள் அந்தந்த இடத்துக்கு தனி, பக்கத்து ஊரு டேபிளை வச்சு ஓட்டாதீங்க. கனடாவுல ஃபண்டி வளைகுடாவுல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் 16 மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும், மத்தியதரைக் கடல்ல பல இடத்துல அரை மீட்டர் கூட இருக்காது. டேபிள்ல இருக்கிறது கணக்கு மட்டும்தான், புயல் காத்து கரையை நோக்கி அடிச்சா அதுல போட்டிருக்கிறதை விட தண்ணி மேலயே வரும்.

தேதி முடிவானதும் பார்க்கோட சைட்டுக்கு போய் மூணு விஷயம் பாருங்க: கேட் எத்தனை மணிக்கு மூடுறாங்க, ராத்திரி தங்க பர்மிட் வேணுமா, நெருப்பு மூட்ட விடுவாங்களா. பேர் போன இடங்கள்ல கேம்ப் இடம் பல மாசம் முன்னாடியே தீந்துடும், ஆனா யாராவது கேன்சல் பண்ணுவாங்க, அதனால அப்பப்ப பாத்துக்கிட்டே இருங்க, வார நாள்ல போக முடிஞ்சா இன்னும் சுலபம்.

டென்ட் போடுற இடம்தான் ராத்திரி தூக்கத்தை முடிவு பண்ணும். மணல்ல கடல்பாசி, சிப்பி, குச்சி எல்லாம் ஒதுங்கி ஒரு கோடு மாதிரி இருக்கும், கடைசியா தண்ணி ஏறுன இடம் அது. அதுக்கு நல்லா மேல போங்க, ராத்திரி வர்ற ஹை டைட் பகல்ல வந்ததை விட பெருசா இருக்குமான்னு டேபிள்ல பாத்துக்கோங்க. அதுக்காக செங்குத்தான பாறைக்கு கீழ ஒட்டிப் போடக்கூடாது, கல்லு விழும். மணல் மேட்டுல முளைச்ச புல்லு மேலயும் வேண்டாம், அந்த வேர்தான் மேட்டையே பிடிச்சு வச்சிருக்கு. சாதாரண ஆணி மணல்ல நிக்காது, பையில மணலை நிரப்பி கயித்தைக் கட்டி ஒரு முழம் ஆழத்துல புதைங்க, காத்துக்கு லேசுல அசையாது. பகல்ல காத்து கடல்ல இருந்து வரும், ராத்திரி பல இடத்துல கரைல இருந்து கடலுக்கு திரும்பும், அதனால சாயங்காலக் காத்தை மட்டும் நம்பி கதவு வைக்கிற பக்கத்தை முடிவு பண்ணாதீங்க.

தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர் கணக்கு வைங்க. கடலுக்கு பக்கத்துல ஓடுற ஓடை பல சமயம் உப்பாத்தான் இருக்கும், கொதிக்க வச்சா கிருமி சாகும், உப்பு போகாது. மணல்ல நடக்கிறது ரோட்டுல நடக்கிற மாதிரி இல்ல, நேரம் ரெண்டு மடங்கு ஆகும்னே வச்சுக்கோங்க, ஈரமா இறுகி இருக்கிற மணல்ல நடந்தா கால் வலிக்காது, அதுவும் லோ டைட்லதான் கிடைக்கும். கோடையிலயும் ராத்திரி பனி, காத்துன்னு குளிரும், ஒரு ஜாக்கெட் கட்டாயம். சாப்பாடு மட்டும் இல்லாம டூத்பேஸ்ட், க்ரீம்னு வாசம் வர்ற எல்லாத்தையும் மூடி இறுகுற டப்பாவுல போடுங்க, டென்டுக்குள்ள வைக்காதீங்க, விலங்குங்க மோப்பம் பிடிச்சு வந்துடும். பல இடத்துல சிக்னல் இருக்காது, மேப்பையும் டைட் டேபிளையும் டவுன்லோட் பண்ணி வச்சுட்டு, எப்ப திரும்புவீங்கன்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு போங்க.

குளிக்க இறங்குறதுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு நிமிஷம் கரைல நின்னு அலையை பாருங்க. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நுரை தள்ளும்போது நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கருப்பா இருந்துச்சுன்னா அங்க இறங்கவே கூடாது, அதுதான் ரிப் கரண்ட், கரைக்கு வந்த தண்ணி அந்த வழியாத்தான் திரும்பி உள்ள போகும். மாட்டிக்கிட்டா அதை எதிர்த்து நீந்தாதீங்க, மிதந்துக்கிட்டே கையைத் தூக்கி உதவி கேளுங்க, தெம்பு இருந்தா கரைக்கு இணையா நீந்தி வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்கு வாங்க. குழந்தைங்க கூட வந்தா இதை வீட்டுலயே ஒரு தடவை சொல்லிக் கொடுத்துடுங்க.

ஆமை முட்டை போடுற கடற்கரைன்னா ராத்திரி வெள்ளை லைட்டே போடாதீங்க, குஞ்சுங்க வெளிச்சத்தைப் பாத்து கடலுக்கு போகாம வழி மாறிடும். நெருப்பு மூட்ட அனுமதி இருந்தா, அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதீங்க, உள்ள தணல் மணிக்கணக்கா சூடாவே கிடக்கும், காலைல வெறுங்காலோட ஓடி வர்ற குழந்தை அதுலதான் மிதிக்கும். தண்ணி ஊத்தி, கிளறி, திரும்பவும் ஊத்தி, கையை கிட்ட வச்சுப் பாத்து சூடு இல்லைன்னு தெரிஞ்சப்புறம் படுக்கப் போங்க.